மொறுமொறுப்புக்கு மாற்று இன்னொரு மொறுமொறுப்புதான்: வீட்டுச் சமையல், நொறுக்குத்தீனி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிப்ஸுக்குப் பதில் வெள்ளரிக்காய் சாப்பிடுங்கள் என்று சொல்வது சுலபம். இரண்டு நாள் சாப்பிடுவோம். மூன்றாம் நாள் சிப்ஸ் பாக்கெட் வீட்டுக்குத் திரும்பியிருக்கும். அப்படிப் பாதியில் கைவிட்டுப் போகாத மாற்றுகள் எவை, அன்றாடச் சமையலில் எண்ணெய், உப்பு, சர்க்கரையை ருசி கெடாமல் எங்கே குறைக்கலாம் என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு போன்றவற்றுக்காக உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு மருத்துவர் சொன்னதே முதலில்.

நல்ல தீனிக்கு மாறினாலும் சில நாளில் பழையபடி ஆகிவிடுகிறதே, ஏன்?

நாக்கு கேட்டது ஒன்று, நாம் கொடுத்தது வேறொன்று. பெரும்பாலும் இதுதான் காரணம். ஏதாவது கொறிக்க வேண்டும் என்று தோன்றும்போது நாம் தேடுவது ஒரு குறிப்பிட்ட உணர்வை: காய்ந்த மொறுமொறுப்பு, உப்பு, வாயில் கரையும் கொழுப்பு, சூடான குழைவு, இனிப்பு, இவற்றில் ஒன்றோ இரண்டோ. வெள்ளரிக்காயும் நறுக்கென்றுதான் கடிபடும், ஆனால் அது ஈரமான நறுக்கு. சிப்ஸில் இருப்பது உலர்ந்த மொறுமொறுப்பு. அதனால்தான் ஒரு தட்டு வெள்ளரிக்காயைத் தின்ற பிறகும் எதுவுமே சாப்பிடாத மாதிரி இருக்கிறது. கடைசியில் வெள்ளரிக்காயும் சிப்ஸும் சேர்ந்தே உள்ளே போகின்றன.

எனவே "இதில் கலோரி எவ்வளவு" என்று பார்க்கும் முன் "எனக்கு இப்போது எது வேண்டும்" என்று பாருங்கள். மொறுமொறுப்பு என்றால் பாப்கார்ன், வறுத்த கொண்டைக்கடலை, ஓவனில் உலர வைத்த மெல்லிய ரொட்டித் துண்டுகள். குளிர்ந்த குழைவு என்றால் கெட்டித் தயிரில் பழம், அல்லது நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை வில்லைகளாக்கி ஃப்ரீசரில் உறையவைத்து மிக்ஸியில் அடித்தது. இந்த இரண்டாவது நிஜமாகவே ஐஸ்க்ரீம் போல வரும், சர்க்கரையோ க்ரீமோ வேண்டாம். சூடான ஆறுதல் வேண்டுமென்றால் சூப்.

சரி, சிப்ஸுக்கு நேரான மாற்று எது?

பாப்கார்ன். இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்வது கஷ்டம். எண்ணெய் இல்லாமல் பொரித்தால் ஒரு கப் பாப்கார்ன் ஏறத்தாழ 8 கிராம்தான், சுமார் 30 கலோரி. ஒரு பெரிய கிண்ணம் நிறையத் தின்றாலும் 150 கலோரியைத் தாண்டுவது சிரமம். உருளைக்கிழங்கு சிப்ஸில் அதே 150 கலோரி வெறும் 28 கிராமில் வந்துவிடும். அது ஒரு கையளவு. போதாக்குறைக்குப் பாப்கார்ன் முழுத்தானியம், நார்ச்சத்தும் இருக்கிறது.

கனமான பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய், மூன்று நான்கு சோளமணி மட்டும் போட்டு மூடுங்கள். அவை வெடித்ததும் மீதியைப் போடுங்கள். மணிக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, சுமார் 180 டிகிரியில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்த ஆவியைப் பாத்திரத்திலேயே அடைத்து வைத்தால் பொரி நமத்துவிடும். அதனால் மூடியைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும். உப்பை மிக்ஸியில் நைசாகப் பொடித்துத் தூவினால் குறைந்த உப்பே நன்றாக ஒட்டும். பாக்கெட்டில் வரும் மைக்ரோவேவ் பாப்கார்ன் வேறு கதை. அதில் எண்ணெயும் உப்பும் ஏற்கெனவே தாராளமாக இருக்கும்.

கீரை சிப்ஸைப் பலரும் புகழ்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வாயில் பட்டதும் பொடிப்பொடியாகிவிடுகிறது, மொறுமொறுப்பு கடைவாய்வரை போய்ச் சேருவதே இல்லை.

கொண்டைக்கடலையை வறுத்தால் ஒன்று மெத்தென்று இருக்கிறது, இல்லாவிட்டால் கல்லாகிவிடுகிறது. எங்கே தப்பு?

ஈரத்தில். வேகவைத்த கடலையை வடிகட்டி, துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் உருட்டி ஒற்றி, அரை மணி நேரமாவது காற்றாட விடுங்கள். தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் வறுபடாது, ஆவியில் வேகும். ஓவனில் 200 டிகிரியில் 30 முதல் 40 நிமிடம், நடுவில் இரண்டு முறை குலுக்கல். ஒரு கப் கடலைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும். மிளகாய்த்தூள், மிளகுத்தூள் எல்லாம் வெளியே எடுத்த பிறகு. முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். கல்லாகிறதென்றால் கடலை முதலிலேயே முழுதாக வேகவில்லை என்று அர்த்தம். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும்.

எடுத்ததும் உடனே டப்பாவில் போட்டு மூடாதீர்கள், நன்றாகக் குளிரட்டும். என்ன செய்தாலும் மறுநாள் கொஞ்சம் நமத்துத்தான் இருக்கும். மீண்டும் ஐந்து நிமிடம் சூட்டில் வைத்தால் சரியாகிவிடும்.

பொரித்த பண்டத்தை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

தேவையில்லை. ஆனால் எப்படிப் பொரிக்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது.

பண்டத்தை எண்ணெயில் போட்டதும் சலசலவென்று குமிழ் வருகிறதே, அது எண்ணெய் கொதிப்பதல்ல. பண்டத்துக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே அதிகம் புக முடியாது. பெருமளவு எண்ணெய் ஏறுவது வாணலியிலிருந்து எடுத்த பிறகுதான்: சூடு இறங்கும்போது உள்ளே இருக்கும் ஆவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே எடுத்த கையோடு கரண்டியில் உதறி வடித்து, சூடாக இருக்கும்போதே காகிதத்தில் ஒற்றி எடுப்பதுதான் பலன் தரும். ஆறியபின் ஒற்றினால் காகிதம்தான் வீண்.

எண்ணெய் 170 முதல் 180 டிகிரி இருக்க வேண்டும். சூடு குறைந்தால் மேல்தோல் இறுகுவதற்குத் தாமதமாகும், பண்டம் எண்ணெயில் ஊறும். "கொஞ்சமாகச் சூடாக்கினால் எண்ணெய் குறையும்" என்று நினைப்பது இதனால்தான் தலைகீழாக முடிகிறது. ஒரே நேரத்தில் நிறையப் போட்டாலும் சூடு சட்டென்று இறங்கிவிடும். மெல்லிய சீவலைவிடத் தடித்த துண்டு குறைவாகவே எண்ணெய் குடிக்கும், எடைக்கு எடை பார்த்தால் அதன் மேற்பரப்பு குறைவு.

பயன்படுத்திய எண்ணெயைத் துகள் போக வடிகட்டி ஓரிரு முறை பயன்படுத்தலாம். சீக்கிரமே புகைந்தாலோ, நுரைத்தாலோ, பிசுபிசுத்தாலோ, வாடை மாறினாலோ யோசிக்காமல் கழித்துவிடுங்கள்.

இன்னொன்று. எண்ணெய் அதிகம் சேரும் இடம் எப்போதாவது பொரிக்கும் பண்டம் அல்ல, தினமும் வதக்கும் வாணலி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. பாட்டிலைச் சாய்த்து ஊற்றும்போது மூன்று கரண்டி விழுவது சாதாரணம். கரண்டியில் அளந்து ஊற்றத் தொடங்கினாலே போதும், வேறு எதையும் மாற்றாமல் தினமும் நூற்றுக்கணக்கான கலோரி குறையும். வெங்காயம் அடியில் பிடித்தால் இன்னும் எண்ணெய் விடாமல் ஒரு கை தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். ஒட்டிய பழுப்புப் படலம் கரைந்து ருசியும் சேரும்.

ஏர் ஃப்ரையர் வாங்கலாமா?

அது விசிறி வைத்த சின்ன ஓவன்தான். ஏற்கெனவே ஓவன் இருந்தால் கட்டாயம் இல்லை. ஒன்றிரண்டு பேருக்கு அடிக்கடி சமைப்பவர்களுக்கு வசதி. மாவில் தோய்த்தெடுத்த ஈரப் பண்டம் அதில் வராது, மாவு வழிந்து கம்பியில் ஒட்டிக்கொள்ளும். ரொட்டித்தூள் பூசியவை, உருளைக்கிழங்குத் துண்டுகள், கோழி, காய்கறி எல்லாம் நன்றாக வரும்.

உருளைக்கிழங்கை நறுக்கித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, துடைத்து, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் புரட்டிப் போடுங்கள். பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள், கரும்பழுப்பு வேண்டாம். மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரிக்கு மேல் வறுத்தாலும் பொரித்தாலும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உண்டாகிறது என்பதை 2002-ல் ஸ்வீடனில் கண்டறிந்தார்கள். நிறம் கருக்கக் கருக்க அதுவும் கூடும். ஊறவைப்பது அதைக் குறைக்க உதவும், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்கும்.

பாதாம், வேர்க்கடலை எல்லாம் நல்லதுதானே, இஷ்டத்துக்குச் சாப்பிடலாமா?

நல்லதுதான், ஆனால் 100 கிராம் பாதாமில் 580 கலோரி இருக்கிறது, சிப்ஸைவிடக் கூடுதல். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், போதும். டப்பாவோடு மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்க்காமல் கிண்ணத்தில் எடுத்துப்போட்டுவிட்டு டப்பாவை மூடிவிடுங்கள். உலர்ந்த பழத்துக்கும் இதேதான்: திராட்சையில் 100 கிராமுக்கு 70 கலோரி, அதுவே காய்ந்தால் 300.

சர்க்கரைக்குப் பதில் தேனும் வெல்லமும் போட்டால் ஆரோக்கியம் ஆகிவிடுமா?

ஆகாது. வாசனை வேறு, நிறம் வேறு, உடம்புக்குப் போவது பெரும்பாலும் அதே சர்க்கரை. இவற்றில் இருக்கும் தாதுக்கள் ஒரு கரண்டி அளவில் கணக்கில் வராது. உலக சுகாதார அமைப்பு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தேன், பாகு, பழச்சாறு எல்லாவற்றையும் சேர்த்தே சர்க்கரை என்று எண்ணுகிறது. மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது, அதாவது 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 50 கிராம். அதிலும் பாதிக்கு, 25 கிராமுக்கு, இறக்கினால் இன்னும் நல்லது என்கிறது.

வாசனைக்காகத் தேன் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போடுங்கள், சர்க்கரை போடும் அளவைவிடக் குறைவாக. ஏலக்காய், பட்டை, வெனிலா போன்ற இனிப்போடு பழகிய வாசனைகள் இருந்தால் குறைந்த சர்க்கரையும் கூடுதலாக இனிப்பது போலத் தோன்றும்.

வீட்டில் பிழிந்த பழச்சாறு?

பழமாகவே சாப்பிடுங்கள். மூன்று ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சாப்பிட நேரமாகும், வயிறும் நிறையும். சாறாக்கினால் அரை நிமிடத்தில் குடித்துவிடுவோம், நார் வடிகட்டியில் தங்கிவிடும்.

கேக், பிஸ்கட்டில் சர்க்கரையைக் குறைத்தால் கெட்டுப்போகாதா?

கால் பங்கு குறைத்தால் பெரும்பாலான கேக்குகளில் யாருக்கும் தெரியாது. மூன்றில் ஒரு பங்குவரையும் போகலாம். அதற்கு மேல் போனால் பிரச்சினை இனிப்பில் அல்ல: சர்க்கரைதான் ஈரத்தைப் பிடித்து வைத்து மெத்தென்று வைக்கிறது, மேல் நிறத்தையும் தருகிறது. ரொம்பக் குறைத்தால் கேக் வறண்டு, வெளிறிப் போகும். எண்ணெய்க்குப் பதில் மசித்த வாழைப்பழமோ தயிரோ சேர்ப்பதானால் பாதியை மட்டும் மாற்றுங்கள். முழுவதும் மாற்றினால் ரப்பர்தான்.

ஆனால் ஒன்று, கேக் கேக்காகவே இருக்கட்டும். பேரீச்சம்பழமும் ஓட்ஸும் சேர்த்து உருட்டிய உருண்டையைச் சாக்லேட் கேக் என்று நம்பவைக்க முயன்றால் இரண்டுமே பிடிக்காமல் போகும். நல்ல கேக்கை மெல்லிய துண்டாகச் சாப்பிடலாம்.

உப்பைக் குறைத்தால் சாப்பாடு சப்பென்று இருக்கிறதே?

புளிப்பைக் கூட்டிப் பாருங்கள். இறக்கும்போது கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டால், "உப்பு பத்தவில்லை" என்று தோன்றியது பல சமயம் சரியாகிவிடும். சூப்பிலும் பருப்பிலும் இது நன்றாகத் தெரியும்.

அடுத்தது உமாமி. 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து, இதுவும் ஒரு தனிச் சுவை என்றார். தக்காளி, காளான், முற்றிய சீஸ் ஆகியவற்றில் அது நிறைய இருக்கிறது. தக்காளியைப் பச்சை வாடை போக, எண்ணெய் பிரிய வதக்கினாலும் காளானைத் தண்ணீர் வற்றிச் சிவக்க விட்டாலும் சுவை அடர்ந்துவிடும், உப்பு குறைந்தது தெரியாது.

உப்பில் ஒரு பகுதியைக் கடைசியில் மேலே தூவுங்கள். உள்ளே கரைந்த உப்பைவிட நாக்கில் நேராகப் படும் உப்பு உறைப்பாகத் தெரியும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கீழே என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே அதில் பாதிக்கு அருகில் வந்துவிடும் என்பதை நூடுல்ஸ் செய்யும்போது நினைவில் வையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும், பழைய அளவு கரிக்கத் தொடங்கும்.

சோறும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டால்தான் மனசு நிறைகிறது. விட்டுவிட வேண்டுமா?

உருளைக்கிழங்கைப் பாவம், எல்லோரும் திட்டுகிறார்கள். 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் குழு, ஒரே கலோரி அளவில் 38 உணவுகளைக் கொடுத்து எது எவ்வளவு வயிறு நிறைக்கிறது என்று பார்த்தது. வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்தால், முதலிடத்தில் வந்த அவித்த உருளைக்கிழங்குக்கு 323. கடைசியில் வந்த குரோசான் என்ற வெண்ணெய் ரொட்டிக்கு 47. உருளைக்கிழங்கு கெட்டதல்ல; அதோடு சேரும் வெண்ணெய், க்ரீம், எண்ணெய்தான் கணக்கை மாற்றுகின்றன.

மசித்த உருளைக்கிழங்கில் பாதிக்குக் காலிஃபிளவர் சேர்த்து, சூடான பால் விட்டு, முடிவில் மட்டும் ஒரு சின்னத் துண்டு வெண்ணெய் போடுங்கள். வெண்ணெய் மேலே உருகும்போது வாசனை முழுதும் முதல் வாயிலேயே கிடைக்கும். ஆனால் சோற்றுக்குப் பதில் முழுக்கக் காலிஃபிளவர் துருவல் என்பதைப் பரிந்துரைக்க மாட்டேன். பாதிப் பாதி கலந்தால் சோறு சோறாகவே இருக்கும். பாஸ்தாவிலும் இப்படித்தான்: பாஸ்தாவைக் குறைத்து, காயும் பயறும் அதே அளவு சேர்த்தால் தட்டு நிறைந்தே இருக்கும்.

க்ரீம், மயோனைஸுக்கு என்ன மாற்று?

தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுச் சில மணி நேரம் தண்ணீர் வடியவிட்டால் மயோனைஸ் இடத்துக்கு வந்துவிடும். பூண்டு, மிளகு, எலுமிச்சை சேருங்கள். மயோனைஸ் ருசியே வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி கலக்கலாம்.

கொதிக்கும் குழம்பிலோ சூப்பிலோ தயிர் விட்டால் திரிந்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, தயிரில் ஒரு டீஸ்பூன் சோளமாவு கலந்து, இரண்டு கரண்டி சூடான சாற்றை அதில் விட்டு இளஞ்சூடாக்கி, பிறகு சேர்த்தால் திரியாது. சூப் கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் க்ரீம் விடுபவர்கள், வெந்த பருப்பையோ ஒரு உருளைக்கிழங்கையோ அரைத்து விடலாம். சீஸை விட வேண்டாம்: வாசனை அதிகமுள்ள முற்றிய சீஸை நைசாகத் துருவினால் கொஞ்சமே போதும்.

வேலை முடிந்து வந்தால் சமைக்கவே தெம்பு இல்லை.

அந்த நேரத்தில் சமைக்கத் தொடங்குவதுதான் கஷ்டம். பாதி சமைத்தது கையில் இருந்தால் தானாக நடக்கும். விடுமுறை நாளில் ஒரு பானை பயறோ கடலையோ வேகவைத்துச் சிறு டப்பாக்களில் உறையவைத்துவிடுங்கள். உறைந்த காய்கறியைக் குறைவாக நினைக்க வேண்டாம்: பறித்துச் சீக்கிரமே வெந்நீரில் போட்டெடுத்து உறையவைப்பதால் சத்து நன்றாகவே தங்கும், ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் வாடிய காயைவிட மேல். முட்டை, உறைந்த பட்டாணி, மிச்சச் சோறு மூன்றும் இருந்தால் பத்து நிமிடத்தில் சாப்பாடு.

சிவப்பு ராஜ்மாவில் மட்டும் கவனம். அரைவேக்காட்டில் அது வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மெத்தென்று ஆகும்வரை வேகவைக்க வேண்டும். குறைந்த சூட்டில் சமைக்கும் மின்பானையில் பச்சையாக நேரே போடக் கூடாது.

மிச்சச் சோற்றிலும் கவனம் தேவை. வெந்த பிறகும் பிழைத்திருக்கும் பாசில்லஸ் கிருமி வித்துகள், சோறு வெளியிலேயே கிடந்தால் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு திரும்பச் சுடவைத்தாலும் போகாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

பாக்கெட்டில் "மல்டிகிரெய்ன்", "பொரிக்காதது" என்று போட்டிருந்தால் நம்பலாமா?

முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானப் பட்டியல் எடைவாரியாக இறங்குவரிசையில் இருக்கும். மைதாவோ சர்க்கரையோ எண்ணெயோ முதல் மூன்றில் இருந்தால், ஏழாவதாக வரும் தானியம் பெயருக்குத்தான். டெக்ஸ்ட்ரோஸ், குளூக்கோஸ் சிரப், கார்ன் சிரப் எல்லாமே சர்க்கரையின் மாற்றுப் பெயர்கள்.

2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் கெவின் ஹால் குழு 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகவும் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தது. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டுமளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. சாப்பிட்ட வேகமும் அப்போது அதிகம். வீட்டுச் சமையலில் அதே சர்க்கரையும் கொழுப்பும் இருந்தாலும் மென்று விழுங்க நேரம் பிடிக்கிறது என்பதே ஒரு லாபம்தான்.

குழந்தைகள் புதிதாக எதையும் தொடுவதே இல்லை.

ஒரு தடவை துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். பத்துப் பதினைந்து முறை பார்த்துத் தொட்ட பிறகு ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் நிறைய. பிடித்த பண்டத்தோடு சின்னத் துணுக்காக வையுங்கள், வற்புறுத்த வேண்டாம். காயை மறைத்து அரைத்துக் கொடுப்பது அவசரத்துக்கு ஆகும், ஆனால் காயை அவர்கள் பழகிக்கொள்ள மாட்டார்கள்.

மேலே சொன்ன தீனிகளில் பாப்கார்ன், பாதாம் போன்ற முழுப் பருப்புகள், வறுத்த கடலை ஆகியவை 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது.

இரவு பத்து மணிக்குப் பசிக்கிறது. என்ன செய்ய?

பசியா, சும்மா வாய் கேட்கிறதா என்று தெரிய ஒரு வழி: அவித்த முட்டை சாப்பிடத் தோன்றுகிறதா? தோன்றினால் பசிதான், முட்டையையே சாப்பிடுங்கள், அல்லது ஒரு கிண்ணம் தயிரும் பழமும். சாக்லேட் மட்டும்தான் வேண்டும் என்றால் ஓரிரு துண்டு நல்ல கறுப்புச் சாக்லேட்டை மெதுவாகக் கரையவிடுங்கள். கறுப்பு என்பதால் கலோரி குறைவில்லை. கசப்பு இருப்பதால் கட்டி முழுவதையும் தின்னத் தோன்றாது, அவ்வளவுதான். தினமும் அதே நேரத்தில் பசித்தால் இரவுச் சாப்பாட்டில்தான் குறை இருக்கும். அதில் பருப்போ முட்டையோ மீனோ எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.